தீப்பெட்டி நுழையாத மலை

எமதர்மனே வந்தாலும் மடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டிருப்பார் அக்கிபெட்டி. ஊர் வைத்த பெயர்; தெலுங்கில் தீப்பெட்டி என்று அர்த்தம். நான் புத்தூரில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தபோது, பக்கத்து மலையின் ரிசர்வ் காட்டுக்கு அவர்தான் ஃபாரஸ்ட் கார்டு. அருவியில் குளிக்க மெட்ராஸிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். யாராயிருந்தாலும் தீப்பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் மலையேற வேண்டும்.

ஒருமுறை நாங்கள் அரிசி, பருப்பு, பாத்திரம் சகிதம் போய் நின்றோம்.

"இதெல்லாம் இன்னாத்துக்கு சார்?"

"அருவியாண்ட சமைக்கத்தான்."

"பேஷா சமைங்க. நெருப்பு மட்டும் கூடாது."

அன்று ஊறின அரிசியில் வெல்லத்தைப் போட்டுத் தின்றோம்.

காட்டுக்குள்ளிருந்த அம்மனுக்குப் பொங்கல் வைக்க வந்த குடும்பத்தையும் அவர் விடவில்லை.

"அம்மன் உள்ள கீறா, நீ வெளிய பொங்கச் சொல்றியே!" என்று எகிறினார் குடும்பத்துப் பெரியவர்.

"பொங்கிக் குடு நைனா, நான் தூக்கிக்கினு வரேன்."

சொன்னபடியே கொதிக்கிற பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினார். அம்மனுக்குப் பொங்கல் கிடைத்தது. இவருக்கு உச்சந்தலை வெந்தது.

அப்போது எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று எல்லை பிரிக்கும் பேச்சு. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் எந்தப் பக்கம் போக விருப்பம் என்று சொல்லியாக வேண்டும். அவரைக் கேட்க ரேஞ்சர் வந்தார், வாயில் சிகரெட்டோடு. நானும் அங்கே நின்றிருந்தேன்.

"அதை அணைச்சிட்டுக் கேளுங்க சார்" என்று கையை நீட்டினார் அக்கிபெட்டி.

"சூளூர்பேட்டைக்குத் தூக்கி அடிச்சா தெரியும் உனக்கு. அங்க ஏரிதான், மலையே கிடையாது."

அக்கிபெட்டியின் முகம் செத்துவிட்டது. மலையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனாலும் நீட்டின கையை மடக்கவில்லை. கடைசியில் ரேஞ்சர்தான் சிகரெட்டைக் கொடுத்தார். அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீர் விழுந்தது.

"சரி சொல்லு. மெட்ராஸா, ஆந்திராவா?"

"மலை எந்தப் பக்கம் போவுது சார்?"

"இன்னும் முடிவாகலய்யா."

"ஆனப்புறம் கேளுங்க. அது எந்தப் பக்கமோ, நானும் அந்தப் பக்கம்."

ரேஞ்சர் தலையில் அடித்துக்கொண்டு போனார், தூக்கி அடிக்கவில்லை. மலை ஆந்திராவிலேயே இருந்தது, அக்கிபெட்டியும் இருந்தார். மெட்ராஸைக் கேட்டு வாங்கியிருந்த நான்தான் கிளம்பினேன்.

கிளம்பிய அன்று நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தார். ஜன்னல் வழியாக ஒரு துண்டு முடிச்சை நீட்டினார். உள்ளே நாவல்பழம்.

"அந்தப் பக்கம் இது கெடைக்குமோ இன்னாவோ. துன்னுங்க சார்."

மெட்ராஸில் தெருவுக்குத் தெரு கூடையில் வைத்து விற்பார்கள்.

"கிடைக்கவே கிடைக்காது" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.