மீனுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை

மூன்றாவது தடவையாகக் கடலிலிருந்து தலையைத் தூக்கிய மீன்கடைக்காரர், மாஸ்க்குக்குள் நிரம்பியிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூக்கில் ஏறியதை இருமித் தீர்த்தார்.

“மீனைப் பாத்தீங்களா?” படகிலிருந்து மனைவி கேட்டாள்.

“எங்க பாத்தேன்? மீன்தான் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போகுது!”

காலமெல்லாம் கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன் விற்ற மனிதர். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீனை எத்தனையோ பேருக்குப் பையில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அதன் சொந்த வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றுதான் இந்தத் தீவுகளுக்கு வந்திருந்தார். இதுதான் கடைசித் தீவு. சாயங்காலம் படகு திரும்பிவிடும்.

ஸ்கூபா வாத்தியார் மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குத்தம் உங்க மீசைல சார். ரப்பர் ஒட்ட மாட்டேங்குது. மேலயே தண்ணி ஏறுனா, சிலிண்டர் மாட்டி ஆழத்துக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது?”

லேசுப்பட்ட மீசையா அது! கடை போர்டில் மீனைவிடப் பெரிதாக அதைத்தான் வரைந்திருந்தார்கள்.

“வாரை நல்லா இறுக்குங்க தம்பி.”

இறுக்கினார். முகம்தான் வீங்கியது, தண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது.

“வாசலின் தடவிப் பாப்போமா?”

தடவினார்கள். வாசலின் கண்ணாடியிலும் அப்பிக்கொண்டதில், கடல் மொத்தமும் சுண்ணாம்படித்த சுவராகத் தெரிந்தது.

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி சார்?”

“அப்ப மேல்பக்கம் மட்டும் லேசா நறுக்குங்க!”

“ஐயையோ, வேணாங்க!” மனைவி பதறினாள். “மீசை போனா அப்புறம் உங்ககிட்ட என்னங்க இருக்கு? மீனை டிவியில பாத்துக்கலாம்.”

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நீ சும்மா இரு! நறுக்குங்க தம்பி!”

கத்தரி வைக்கிற நேரம் பார்த்து ஓர் அலை. இடது பக்கம் பாதி போயிற்று. சரிக்கட்ட வலது பக்கம் வந்தார், இன்னோர் அலை. குரங்கு அப்பம் பங்கிட்ட கதையாக, கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு பொட்டுதான் மிஞ்சியது.

மீன்கடைக்காரர் கைக்கண்ணாடியில் பார்த்தார். அந்தப் பொட்டைத் தடவிப் பார்த்தார். ஆனால் எடுத்த காலைப் பின்வைக்கிற ஆளா அவர்?

“ரேசர் இருக்கா?”

“வேணாங்க, என் பேச்சைக் கேளுங்க!”

“உன் பேச்சைக் கேட்டா மீனைப் பாத்த மாதிரிதான்!”

படகோட்டியிடம் ரேசர் வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போனார். திரும்பி வந்தபோது, வெயிலே படாத மேலுதடு முட்டை ஓடாக வெளுத்திருந்தது. மனைவி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

தன் மீசை மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா?

“அழாத. முடிதானே, வளந்துடும்” என்று தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, “தம்பி, மாஸ்க்கை எடுங்க! இன்னிக்கு ஒரு கை பாத்துடறேன்!” என்று ஏணிப் பக்கம் நடந்தார்.

வாத்தியார் அவள் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, நீங்க சொன்ன வேலை முடிஞ்சுது. இனிமே ஓட்டையில்லாத மாஸ்க்கைக் கொடுத்துடட்டுமா?”