பன்னிரண்டு நிமிட டீ

என் மாமியாரை நடுவழியில் விட்டுவிட்டுப் போனவன் நான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (வேண்டுமென்றே செய்யவில்லை. என் மச்சான் மட்டும் இன்னும் நம்பவில்லை.)

அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். பாண்டிச்சேரியை ஒட்டிய சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஆட்களுக்கு ஷிப்டு போட்டு வேன் அனுப்புவது என் வேலை. அதனால், மாமனார் வீட்டாரோடு கிண்டி தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் போய்வரலாம் என்று பேச்சு வந்ததும், "பிளான் என் பொறுப்பு" என்று குதித்தேன். கெட்டிக்கார மாப்பிள்ளை என்று பெயர் வாங்கிவிடும் ஆசை.

இரண்டு பக்கத்துக்கு அட்டவணை அடித்து ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. திண்டிவனத்தில் டீ, பன்னிரண்டு நிமிடம். மான்கள் மிரளக் கூடாதென்று மல்லிகைப்பூ, சென்ட், சிவப்புச் சேலை எல்லாவற்றுக்கும் தடை. வேனில் ஏறும்போதே எல்லாருடைய போனையும் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"மான் கிண்டியிலதான மாப்ள இருக்கு? இங்கயே எதுக்குப் போன வாங்குறீங்க?" என்று கேட்டார் அத்தை.

"இப்பலேர்ந்தே பழகிக்கணும் அத்த." (அந்தக் குரலை இன்று நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

திண்டிவனத்தில் பதினோராவது நிமிடம் விசில் ஊதினேன். (ஆமாம், விசிலும் வைத்திருந்தேன்.) தலைகளை எண்ணினேன். எட்டு. கணக்குச் சரி. வேன் கிளம்பியது.

மேல்மருவத்தூரைத் தாண்டியதும் என் மனைவி செலின், "அம்மா, அந்த இட்லி டப்பாவ எடு" என்றாள். பதில் இல்லை. நான் எண்ணிய எட்டாவது தலை டிரைவருடையது.

"அத்தைக்குப் போன் போடு!" என்று அலறினேன். செலின் டிரைவரின் போனை வாங்கிப் போட்டாள். என் மடியிலிருந்த பைதான் அதிர்ந்தது.

செலின் அழ ஆரம்பித்தாள். அத்தைக்குச் சர்க்கரை வேறு உண்டு. மாமா அதுவரை தூங்கிக்கொண்டு வந்தவர், நிதானமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "மானெல்லாம் இருக்கட்டும் மாப்ள. மொதல்ல எம் பொண்டாட்டியக் காட்டுங்க."

திரும்பினோம். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே சிரித்தார்.

"அந்த அம்மாவா? பாத்ரூம் போயிட்டு வந்து பாத்தாங்க, வண்டிய காணோம். 'எங்க மாப்ள டைமுக்குப் போயிட்டாரு'ன்னு சொல்லி, ஒரு டீ குடிச்சிட்டு பாண்டி பஸ் ஏறிட்டாங்க."

வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை பெரிய மார்க்கெட்டில் வாங்கிய சங்கரா மீனை வறுத்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சேலை, தலை நிறைய மல்லிகை. நிமிர்ந்து பார்த்து, "வாங்க மாப்ள. மான் பாத்தீங்களா?" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "மொதல்ல சாப்பிடுங்க" என்று தட்டில் பெரிய துண்டாகப் போட்டார்.

வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பூங்காவை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் இன்றும் முத்தியால்பேட்டைக்குப் போக ஆட்டோவில் ஏறினால்கூட, அத்தை உட்கார்ந்ததும் கையைத் தூக்குகிறார்.

"மாப்ள, நான் ஏறிட்டேன். டிரைவர விட்டுட்டு எண்ணுங்க."