சின்ன லி, பெரிய ளி

வினாத்தாள் கட்டைப் பிரித்த அறிவியல் டீச்சர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். பாடத்திட்டத்தில் இருப்பது ஒளி. இரண்டு வாரமாக ஒன்பதாம் வகுப்பில் தொண்டை வறள நடத்தியதும் ஒளி. அச்சடித்து வந்த தாளிலோ முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை ஒலி.

தாளைத் தயாரித்த பக்கத்து வகுப்பு சார் தலையைச் சொறிந்தார்.

“போன்ல நீங்க ஒலின்னுதானே சொன்னீங்க?”

“ஒளி சார். வெளிச்சம்!”

“எனக்குச் சத்தம்னு கேட்டுச்சே.”

பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. வீட்டில் குழந்தை தூங்க விடுவதில்லை; இங்கே தலைமையாசிரியை உட்கார விடுவதில்லை.

“வியாழக்கிழமை மேலதிகாரி வர்றாங்கம்மா. திட்டம், நடத்துறது, பரீட்சை மூணும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு இடிச்சாலும் சனிக்கிழமைதோறும் உனக்குச் சிறப்பு வகுப்புதான்.”

வாரத்தில் அவள் கண்ணயர்வதே சனிக்கிழமை மதியம் மட்டும்தான்.

இனி தாளை மாற்ற முடியாது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். திட்டத்தில் ஒளியை அடித்துவிட்டு ஒலி என்று எழுதினாள். மறுநாள் ஆடி, வில்லை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு அதிர்வெண்ணில் குதித்தாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது என்று அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள்.

சாயங்காலம் சார் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

“மனசு கேக்கல டீச்சர். புதுத் தாள் அடிச்சுட்டேன். முழுக்க ஒளி!”

“ஐயோ, நான் ஒலிக்கு மாறிட்டேனே! பழைய தாள் எங்க?”

“கிழிச்சுப் போட்டாச்சே.”

காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மறுபடியும் ஒலிக்கே அடிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். இடுப்பில் குழந்தையோடு செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. தலைமையாசிரியை.

“திட்டத்துல என்னமோ ஒலின்னு கிறுக்கி வச்சிருந்தியேம்மா! சாரோட புதுத் தாளைப் பாத்து நானே ஒளின்னு திருத்திட்டேன். நிம்மதியா இரு.”

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவன் குழந்தையை வாங்கிக்கொண்டு கேட்டான்:

“யாருக்கு என்ன ஆச்சு?”

“எனக்குத்தாங்க.”

புதன்கிழமை மூவரும் தலைமையாசிரியை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“சின்ன லி. இனி யாரும் எதையும் தொடக் கூடாது. சொல்லுங்க,” என்றார் தலைமையாசிரியை.

“சின்ன லி,” என்றார்கள் இருவரும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். திட்டத்தைப் பார்த்தார், வகுப்பில் சற்று நேரம் உட்கார்ந்தார், வினாத்தாளைப் புரட்டினார். “மூணும் இவ்வளவு பொருந்தி நான் எங்கயும் பாத்ததில்ல,” என்று தலைமையாசிரியையின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

பரீட்சையும் நடந்தது. திருத்த உட்கார்ந்த டீச்சரால் நம்பவே முடியவில்லை. ஒருவர்கூடத் தோற்கவில்லை. பாதிப் பேருக்கு முழு மதிப்பெண். இத்தனை களைப்பிலும் நாம் நல்ல டீச்சர்தான் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தாள்களைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: “ரெண்டே நாள்ல எப்படிப்பா இவ்வளவும் புரிஞ்சுக்கிட்டீங்க?”

முதல் பெஞ்சுப் பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“டீச்சர், நீங்க லீவுல இருந்தப்பவே ஒலிப் பாடத்தை ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் நடத்தி முடிச்சுட்டாங்க, நீங்களும் மேடமும் ரொம்பக் களைச்சுப்போய் இருந்தீங்களா, அதான் நாங்க யாரும் ஞாபகப்படுத்தல.”