கொசு தொடாத ராஜமாணிக்கம்

இனிமேல் எந்தக் கொசு எங்கே கடித்தாலும் சொறிவதில்லை என்று ராஜமாணிக்கம் முடிவெடுத்தபோது, ஒரு கொசு அவருடைய இடது காது மடலில் உட்கார்ந்து சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் மச்சான் விருத்தகிரியால் வந்த வினை. நெய்வேலியிலிருந்து அக்காவைப் பார்க்க வருகிறவன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருக்கலாம். அவன் கொசு பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். பந்தடிக்கிற மட்டை மாதிரி இருக்கும், கொசு பட்டால் 'பட்'டென்று வெடிக்கும், அந்தச் சமாச்சாரம். விருத்தாசலம் கடைவீதிக்கே அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. தோட்டத்தில் நின்று அதை நாலு வீசு வீசி, ரெண்டு கொசுவை வெடிக்க வைத்துக் காட்டினான். அக்காக்காரி பாஞ்சாலைக்கு முகமெல்லாம் பல்.

"என் தம்பி கெட்டிக்காரங்க. அக்கா தோட்டத்துல உக்காந்து கஷ்டப்படுறாளேன்னு அவனுக்குத் தோணிச்சி பாருங்க."

ராஜமாணிக்கத்துக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷன் காத்துக் கிடக்கிறார். பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு ஊற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் ஊற்றிய பிள்ளையாருக்குத் தும்பிக்கையில் விரிசல் விட்டதாகச் சரித்திரமே இல்லை. மேஸ்திரி கெட்டிக்காரன் என்கிறார், முதலாளி கெட்டிக்காரன் என்கிறார். வூட்டில் மட்டும் அந்த வார்த்தையை மச்சான் பேரில் பட்டா போட்டு வைத்திருக்கிறாள் மகராசி!

"கொசுவுக்குப் பயந்து பேட்டு தூக்குறதா?" என்றார் ராஜமாணிக்கம். "என்னையெல்லாம் கொசு கடிக்காது."

"என்னாது?"

"கடிக்காதுன்னா கடிக்காது. அது எங்க வம்சத்து ஒடம்பு வாகு. எங்கப்பாவையும் கடிச்சது கெடையாது."

"மாமா, காதுல ஒண்ணு உக்காந்திருக்குது மாமா," என்றான் விருத்தகிரி.

"உக்காரும். கடிக்காது."

காது மடல் தீயாக எரிந்தது. ராஜமாணிக்கம் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார். பாஞ்சாலை அந்தக் காதையே பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் காதைப் பார்த்தாள்.

"அட, ஆமாங்க," என்றாள். "இம்மா நேரமா நிக்கிறேன், உங்க பக்கத்துல நின்னா என்னையும் ஒண்ணு கடிக்கலியே!"

மச்சான் முன்னால் இப்படி ஒரு பேச்சு கேட்டு எத்தனை வருஷமாயிற்று! ராஜமாணிக்கத்துக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் வெளியே வந்தது. ஆம்பளை என்றால் அப்படித்தான், பக்கத்தில் நின்றாலே பாதுகாப்பு என்கிற மாதிரி மீசையை ஒரு தடவு தடவிக்கொண்டார்.

பாஞ்சாலைக்குக் கொசு என்பது சும்மா அரிப்புச் சமாச்சாரம் இல்லை. சூளையில் சுட்டு வரும் கொலு பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது அவள் வேலை. வர்ணம் யார் வேண்டுமானாலும் தீட்டிவிடலாம். கண் வைப்பது பாஞ்சாலை கைதான். சேலத்திலிருந்து பூதாமூருக்கு இவளைத் தேடி வருகிற வியாபாரி, "கண்ணு மட்டும் பூதாமூர் அம்மா கையால இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அவளுக்கு ஒரு வழக்கம். கண் வைப்பதென்றால் சாயங்கால வெயிலில்தான் வைப்பாள். காலை வெயில் பீங்கானில் பட்டுக் கூசும். வூட்டுக்குள் வைக்கலாம் என்றால், அந்த வருஷம் கரெண்டு வந்தால்தான் அதிசயம். ஆக, வெயில் சாயச் சாயத் தோட்டத்து வேப்பமரத்தடியில் பலகையைப் போட்டு உட்காருவாள். கொசுவும் சரியாக அந்த நேரத்துக்குத்தான் கடை திறக்கும்.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. புகை போட்டால் ஈர வர்ணத்தில் கரி ஒட்டியது. வேப்பெண்ணெய் தடவினால் தூரிகை வழுக்கியது. கொசுவத்தியைக் காற்று அணைத்தது. மச்சான் கொடுத்த பேட்டு 'பட்'டென்று வெடிக்கிற ஒவ்வொரு வெடிக்கும் இவள் கை துள்ளி, முருகனுக்கு மாறுகண் விழுந்தது. வள்ளியைப் பார்க்க வேண்டியவர் மயிலைப் பார்த்தார்.

மறுநாள் ராஜமாணிக்கம் கம்பெனியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும் பாஞ்சாலை ஓடி வந்தாள்.

"ஏங்க, செத்த நேரம் வந்து என் பக்கத்துல உக்காருங்களேன். உங்களைப் பார்த்தாத்தான் அதுங்க பயப்படுது."

"குளிச்சிட்டு வரேன்."

"குளிக்கிறதா? வேணாங்க. உழைச்சிட்டு வந்த ஆம்பளைங்க வாடையே தனிங்க. அதுக்கே ஒரு கம்பீரம் இருக்குது."

ராஜமாணிக்கம் குளிக்கவில்லை.

"அந்தக் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க. அது உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

போட்டுக்கொண்டார்.

"ஸ்டூலை இங்க போடாதீங்க. அந்தக் களிமண் தொட்டி ஓரமா போடுங்க. அங்கதான் காத்து நல்லா வருது."

போட்டார். தொட்டியில் மழைத்தண்ணி தேங்கி, அதில் கொசு குடும்பம் குட்டியோடு குடியிருந்தது. கீழே சுள்ளெறும்புப் புற்று வேறு. மேலே கொசு, கீழே எறும்பு, நடுவில் கறுப்புச் சட்டையில் ராஜமாணிக்கம். ஊர்க் கொசுவெல்லாம் கல்யாணப் பந்திக்கு வந்த மாதிரி வரிசையாக வந்து உட்கார்ந்தது. முதல் பந்தி எழுந்தால் ரெண்டாம் பந்தி.

பாஞ்சாலை நிம்மதியாகக் கண் வைத்தாள். ஒரு அடி, ஒரு தட்டு, ஒரு 'ஸ்ஸ்' கிடையாது. ராமர், சீதை, லட்சுமணன், அனுமார் என்று எல்லோருக்கும் கண் வந்தது.

"கடிக்குதாங்க?" என்பாள் நடுவில்.

"சேச்சே!"

"காலை ஆட்டுறீங்களே."

"அது ஒரு பாட்டு மனசுல ஓடிச்சி, தாளம் போட்டேன்."

"தாளம் போடாதீங்க. நீங்க அசையாம இருந்தாத்தான் அதுங்களுக்கு பயம்."

அசையாமல் இருந்தார். ராஜமாணிக்கம் வாழ்க்கையில் பல கஷ்டங்களைப் பார்த்தவர். சூளை அனலில் நின்றிருக்கிறார், கூட்ட பஸ்ஸில் சேலம் வரைக்கும் ஒற்றைக் காலில் போயிருக்கிறார். ஆனால் முழங்காலுக்குப் பின்னால் சுள்ளான் கடித்து, அதைச் சொறியாமல், முகத்தில் ஒரு புன்சிரிப்போடு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது வேறு தவம். பக்கத்து வூட்டு கனகா வேலி மேலாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணனைக் கொசு தொடவே மாட்டேங்குதாமே!" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். இனி எங்கே சொறிவது? கம்பெனியில் அச்சு அடுக்குகிற மரத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது மேஸ்திரி கோவிந்தராசு பிடித்துவிட்டார்.

"என்னா ராஜமாணிக்கம், ஒடம்பெல்லாம் தடிச்சிக் கெடக்குது?"

"வேர்க்குருங்க."

"புரட்டாசி மழையிலயா?"

அன்றைக்குத்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. அச்சில் ஊற்றுகிற வெள்ளைக் களிமண் கரைசல் இருக்கிறதே, ஸ்லிப்பு என்பார்கள், அது எப்போதும் அவர் முன்னங்கையில் பட்டுக் காய்ந்து கிடக்கும். பார்த்தால், காய்ந்த இடத்தில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. குத்திப் பார்த்தது. இடம் மாறிக் குத்திப் பார்த்தது. கடைசியில் அவமானப்பட்டுப் பறந்து போயிற்று. ராஜமாணிக்கம் அங்கேயே நின்று சிரித்தார். பிள்ளையாருக்குத் தோல் கொடுக்கிற ஸ்லிப்பு, ராஜமாணிக்கத்துக்குத் தோல் கொடுக்காதா? யாருக்கு வரும் இந்த மூளை? நெய்வேலிக்காரனுக்கு வருமா?

மேஸ்திரியிடம் கேட்டு ஒரு தூக்குவாளி ஸ்லிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். குளியலறைத் தட்டிக்குப் பின்னால் போய், பாதத்திலிருந்து தொடை வரைக்கும், கை ரெண்டிலும், கழுத்தைச் சுற்றியும், காது மடலுக்குக்கூட விடாமல் ஒரு கோட்டிங் கொடுத்தார். காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடித்தது. வேட்டியை இறக்கிக் கட்டி, கறுப்புச் சட்டையின் கையை மணிக்கட்டு வரைக்கும் மாட்டி, காதோடு சேர்த்துக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். முழங்கால் மடங்கவில்லை. கொலுப்படியிலிருந்து இறங்கி வந்த பொம்மை மாதிரி நடந்து வந்து ஸ்டூலில் சாய்ந்தார்.

ஆகா, என்ன சுகம்! கொசுக்கள் வந்தன, குத்தின, முழித்தன. எறும்பு ஏறிப் பார்த்து வழுக்கி விழுந்தது. ராஜமாணிக்கம் முதல்முறையாக உண்மையாகவே புன்சிரிப்பு சிரித்தார்.

பளார்!

பாஞ்சாலை தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். அடுத்து கணுக்காலில் ஒன்று. அடுத்து புறங்கையில் ஒன்று. கையில் மகாலட்சுமி இருந்தாள். பாஞ்சாலை பொம்மையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மகாலட்சுமி நேராகப் பார்க்காமல், பலகையில் பக்கத்தில் இருந்த சரஸ்வதியின் வீணையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சி! நாளைக்கு சேலத்தாரு வராரு. இதைக் குடுத்தா என் பேரு என்னாவறது?" என்று தலையில் கைவைத்தவள், மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, கழுத்துலேருந்து என்னமோ உதிருதே?"

"பவுடரு."

"பவுடரு பாளம் பாளமாவா உதிரும்?"

எழுந்து வந்து துண்டை உருவினாள். சட்டைக் கையைத் தூக்கினாள். வேட்டியை முழங்கால் வரைக்கும் பார்த்தாள். ராஜமாணிக்கம் விரிசல் விட்டு நின்றார்.

"கொசுதான் உங்களைக் கடிக்காதே. அப்புறம் எதுக்கு இந்த வெள்ளையடிப்பு?"

இனி மறைத்து என்ன? "கடிச்சிதான்டி!" என்று வெடித்தார். "கொன்னுடுச்சி! உன் பக்கத்துல உக்காந்த நாளா ஒடம்புல ஊசி குத்த எடம் கெடையாது!"

"தெரியும்ங்க."

"தெரியுமா?"

"மொத நாளே உங்க காதைப் பார்த்தேனே. எம்மேல ஒண்ணு இல்ல, உங்க மேல மொய்க்குது. வேர்வையும் கறுப்புச் சட்டையும் இருந்தா இன்னும் நல்லா மொய்க்கும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப... நான் என்னா கொசுவத்தியா?"

"கொசுவத்தி வெரட்டும்ங்க. நீங்க இழுக்குறீங்க."

ராஜமாணிக்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கூப்புடு உன் தம்பியை! அவனைக் கொண்டாந்து இந்த ஸ்டூல்ல உக்கார வை! நான் போறேன்!"

"அவனா?" பாஞ்சாலைக்குக் குரல் இளகிப் போயிற்று. "அன்னிக்கு ஒரு கடி தாங்காம பேட்டைப் போட்டுட்டு உள்ள ஓடுனவன்ங்க அவன். நீங்க அப்படியா? இத்தினி நாளு ஒரு வார்த்தை சொல்லாம, முகம் சுளிக்காம உக்காந்திருந்தீங்க. எனக்கு சங்கடமாத்தான் இருந்திச்சி. ஆனா நீங்க இருந்த தைரியத்துலதான் இம்மாம் பொம்மைக்குக் கண்ணு வெச்சேன். இந்த ஸ்லிப்பு யோசனைகூட யாருக்குங்க வரும்? நீங்கதாங்க கெட்டிக்காரரு."

வந்துவிட்டது! அந்த வார்த்தை வந்தேவிட்டது! ராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கியது. கண்ணீர் வழிந்து, கழுத்து ஸ்லிப்பு கரைந்து கோடாக இறங்கியது. கோபம் போன இடம் தெரியவில்லை. பதினாறு திசையிலும் கொசு வரட்டும், இந்த மார்பு தாங்கும் என்று நிமிர்ந்தார்.

"அந்த ஸ்லிப்பு மிச்சம் இருக்குதாங்க?"

"அரை வாளி இருக்குது. ஏன்?"

"குடுங்க."

வாங்கி, தன் காலுக்கும் கழுத்துக்கும் கன்னத்துக்கும் பூசிக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தாள்.

"எனக்கு உதிர்ந்து போச்சே, எனக்கும் கொஞ்சம் வை," என்றார் ராஜமாணிக்கம்.

"உங்களுக்கா? நல்லாருக்குதே. ரெண்டு பேரும் பூசிக்கிட்டா அதுங்க எங்கதாங்க போவும், பாவம்? என் வெறுங்கையத்தான் வந்து புடுங்கும். போய்க் கழுவிட்டு வாங்க. வெயிலு போவுது பாருங்க."

கெட்டிக்காரர் போய்க் கழுவிவிட்டு வந்தார். தொட்டி ஓரத்து ஸ்டூலில், கறுப்புச் சட்டையில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பட்டினி கிடந்த கொசுக்கள் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தன. அவர் அசையவில்லை. மகாலட்சுமிக்குக் கண் துடைத்து மறுபடி வைக்கப்பட்டது. அப்படி ஒரு கருணை அந்தக் கண்ணில். அதைப் பார்த்ததும் ராஜமாணிக்கத்துக்குக் கடி எல்லாம் மறந்து, இதில் பாதிக் கருணை நம் ரத்தம் என்று ஒரு பெருமிதம் பொங்கியது.

அப்போது வேலி மேலாகக் கனகாவின் தலை எழும்பியது. அவளுக்கும் எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"யக்கா, எங்க தோட்டத்துல நாளைக்கு சாயந்தரம் மல்லாட்டைச் செடியில கடலை ஆயணும். கொசு புடுங்கி எடுக்குது. அண்ணனை ஒரு மணி நேரம் அனுப்புறீங்களா?"

ராஜமாணிக்கம் மீசையைத் தடவிக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தார். கட்டின புருஷனை விட்டுக்கொடுப்பாளா? அதுவும் இப்போது?

பாஞ்சாலை சரஸ்வதியின் கண்ணிலிருந்து தூரிகையை எடுக்காமலே சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு வேணும் கனகா. நாளான்னைக்கு வந்து எடுத்துட்டுப் போ."