வெயில் ஆகாத வெப்பமானி

மனித குலம் தண்ணீருக்குச் செய்த மரியாதைகளில் தலையாயது எங்கள் நிறுவனத்தின் 'தரக் கண்காணிப்புத் திட்டம்' என்று அடித்துச் சொல்வேன். கிடங்குப் பொறுப்பாளன் என்ற முறையில் அதைக் கிட்டத்தில் இருந்து தரிசிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

எங்கள் கிடங்குக்குத் தகரக் கூரை. குடிநீர் பாட்டில்கள் கோடை முழுவதும் அதன் அடியில் தவம் கிடக்கும். "சூட்டுல நாள்பட வச்சா பிளாஸ்டிக் சாரமெல்லாம் தண்ணியில இறங்கிடும். கிடங்குல எவ்வளவு சூடுன்னு தினமும் பாருங்க" என்று சோதனைக்கு வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். உடனே உயர்தர வெப்பமானி ஒன்று வாங்கி, ரிப்பன் வெட்டி, கிடங்குச் சுவரில் மாட்டினோம். மத்தியானத்துக்குள் அது எகிறிய எகிறலில் மேனேஜர் பதறிப்போனார்.

"ஐயையோ, கழட்டுய்யா! கெட்டுப்போயிடப் போகுது!"

"தண்ணியா சார்?"

"தெர்மாமீட்டர்யா! 'வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைக்கவும்'னு அட்டையில போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

அவசரக் கூட்டம் கூடியது. வெப்பமானியின் உடல்நலம் கருதி அதை மேனேஜரின் ஏசி அறைக்கு மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதன்பின் 'கிடங்கின் வெப்பம்' இருபத்திரண்டு டிகிரியைத் தாண்டியதே இல்லை. தலைமை அலுவலகம் கேடயம் அனுப்பியது.

இந்தப் பொற்காலத்தில்தான் என் தங்கை, இடுப்பில் கைக்குழந்தையும் கையில் எங்கள் பாட்டிலுமாக, மேனேஜர் அறைக்குள் விடுவிடுவென்று நுழைந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணன் வேலை பாக்குற கம்பெனியாச்சேன்னு நம்பி வாங்கினேன் சார். ஒரே பிளாஸ்டிக் வாடை. இதுல பால்பவுடர் கரைச்சுக் குடுத்தேன், பிள்ளை வாந்தியா எடுக்குது."

மேனேஜர் பெருமையோடு சுவரைக் காட்டினார். "பாரும்மா, இருபத்திரண்டு. கிடங்கு குளுகுளுன்னு இருக்கு."

"இது உங்க ரூம் சார்."

"தெர்மாமீட்டருக்கு வெயில் ஆகாதும்மா. அட்டையிலேயே போட்டிருக்கு."

தங்கை பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்த லேபிளை உரக்கப் படித்தாள். "வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைக்கவும்."

மேனேஜர் அசரவே இல்லை. "அதெல்லாம் வாங்கினவங்க பாத்து நடந்துக்க வேண்டியதும்மா."

கொள்கை என்றால் இதுவல்லவா கொள்கை! வெப்பமானியை வாங்கியவர் அவர், பார்த்து நடந்துகொண்டார். தண்ணீரை வாங்கியவள் என் தங்கை. அதைக் குடித்த பிள்ளைக்கு இன்னும் படிக்கத் தெரியாது.