மூச்சையா ஊதிய புட்டி

மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. டயர்க் கடைக்கு மேலிருந்த ஒற்றைக் கூடத்தில் மூச்சையா வீற்றிருந்தார். தண்ணீர்ப் புட்டியைத் திறப்பார், மூன்று முறை ஊதுவார், மூடித் தருவார். அவ்வளவுதான் வைத்தியம். பரீட்சை எழுதுகிறவன், மூட்டுவலிக்காரி, நின்றுபோன லாரியின் சொந்தக்காரர் எல்லாரும் அந்தக் காற்றுக்காகத் தவம் கிடந்தார்கள். லாரி எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காதாம்.

மூச்சையாவின் மகிமைக்குச் சாட்சி நெட்டையன். இருபத்திரண்டு வயது, தொழில்முறைச் சைக்கிள் பந்தயக்காரன். அவர் தந்த புட்டியைக் குடித்துவிட்டு மலைப்பாதையில் மூன்று பந்தயம் ஜெயித்தவன். அவன் படம் கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் கொண்டுவந்த புட்டியில் ஊதுவார். பந்தயக்காரர்களுக்கு மட்டும் ஏற்கெனவே ஊதி, சீல் வைத்த புட்டி உள்ளறையிலிருந்து வரும். மூச்சு ஆறிப்போகக் கூடாதல்லவா!

நான்காவது பந்தயம் முடிந்ததும் சிறுநீர்ச் சோதனை. 'ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்து, சத்துப்பொருள்' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. நெட்டையன் அதில் கோடு கிழித்தான். மூச்சு மருந்தா என்ன? மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. சிறுநீரில் ஊக்கமருந்து, உடனடித் தடை. அது எப்படி உடம்புக்குள் வந்தது என்று விசாரணையில் காட்டாவிட்டால் நான்கு ஆண்டு. அதற்குப் பிறகு எந்த அணி அவனைச் சீந்தும்?

நேரே மூச்சையாவிடம் ஓடினான். அணியின் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் அவன் அக்காவும் கிரீஸ் கையோடு பின்னாலேயே வந்தாள்.

“ஐயா, நான் ஒரு மாத்திரைகூடத் தொடலையே!” நெட்டையன் அழுதேவிட்டான்.

மூச்சையா கண்ணை மூடினார். “எதிராளியோட பொறாமை உன் சிறுநீர்ல இறங்கியிருக்கு தம்பி. ஆறு மூச்சு ஊதின புட்டி தர்றேன். விசாரணைக்கு முன்னாடி குடிச்சிரு.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. பொறாமை எந்த வழியாக இறங்கியது என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. உள்ளறையிலிருந்து தட்டு நிறையப் புட்டிகள் வந்தன.

அக்கா முன்னால் வந்தாள். “சாப்பாடு, பொடி, தைலம் எல்லாத்தையும் பாத்துட்டேன்டா. பாக்காதது இது ஒண்ணுதான்.” மூலைக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினாள். “ஐயா, இதுல ஊதுங்க.”

ஊதினார்.

“இப்ப குடிங்க.”

மடக்மடக்கென்று குடித்தார். கூட்டம் கைதட்டியது. அக்கா தட்டிலிருந்த ஒரு புட்டியின் சீலை உடைத்தாள். “அதுவும் உங்க மூச்சு, இதுவும் உங்க மூச்சு. இதையும் குடிங்க.”

“அது... பந்தயக்காரங்களுக்குன்னு ஊதினதும்மா.”

“லாரிக்கே ஒத்துக்குதாம். உங்களுக்கு ஒத்துக்காதா?”

அந்தக் கூடத்தில் முதன்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நெட்டையனுக்குப் பொறுக்கவில்லை. புட்டியைப் பிடுங்கி மூச்சையாவின் வாயருகே கொண்டுபோனான். “எனக்காகக் குடிங்கய்யா! எங்க அக்கா வாயை அடைங்க!” அவன் நம்பிக்கையில் கலப்படமே இல்லை. கலப்படமெல்லாம் புட்டியில் இருந்தது.

மூச்சையா துள்ளி விலகினார். “வேணாம்டா! எனக்கு ரத்தக்கொதிப்பு! டாக்டர் இந்த மாதிரி மருந்தைத் தொடவே கூடாதுன்னு...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

லாரிக்காரர் மெல்ல எழுந்தார். “வெறும் தண்ணியில ஏதுய்யா மருந்து?”

நெட்டையன் சுவரிலிருந்த தன் படத்தைப் பார்த்தான். மூன்று வெற்றியும் தன் காலால் வந்தவையல்ல என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தோற்றபோதுகூட அவனுக்கு அப்படி வலித்ததில்லை.

உடைக்காத புட்டிகள் சோதனைக்கூடத்துக்குப் போயின. எல்லாவற்றிலும் அதே ஊக்கமருந்து. மூச்சையா கம்பிக்குப் பின்னால் போனார். நெட்டையனின் தடை நான்கு ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது, ஒரேயடியாக நீங்கவில்லை. “ஊதினது அவர்தான், குடிச்சது நீங்கதானே?” என்றார் விசாரணை அதிகாரி.

லாரிக்காரர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். லாரி ஓடியது. மற்றவர்கள் எதிர்த்தெருவில் புதிதாக வந்திருக்கும், புட்டியை ஒரு பார்வை பார்த்துத் தந்தே நோய் தீர்க்கும் ஒருவர் வாசலில் வரிசையில் நிற்பதாகக் கேள்வி. நீங்களும் அந்த வரிசையில் இருந்தால் ஒன்று செய்யுங்கள்: புட்டியை வாங்கியதும், கொடுத்தவரையே முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்லிப் பாருங்கள்.