பின்லாந்துக்காரருக்கு ஒரு மெழுகுத்திரி

உலகத்துக்கான பயம் மொத்தமும் ஒரே கப்பலில் வந்து சென்னையில் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால்வாசியைக் கிளியரிங் செய்து தன் வீட்டுக்கு எடுத்துப் போனவள் பேஜாரு. மிச்சத்தைத்தான் நீங்களும் நானும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரங்கள் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் அவளும் நானும் அடுத்தடுத்த மேஜை. எதைச் சொன்னாலும் "பேஜாராகீதுக்கா" என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் அந்தப் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

காலையில் வந்ததும் ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டுவாள். கடல் காற்று என்றால் வேலையை ஆரம்பிப்பாள். மணலித் தொழிற்சாலைகள் பக்கத்துக் காற்று என்றால் ஈரக் கைக்குட்டைகள் அடுக்கிய டிபன் பாக்ஸ் மேஜைக்கு வந்துவிடும். சுனாமிக்குப் பயந்து செருப்பைக் கழற்றாமல் தூங்குவாள். லிஃப்டில் ஏறமாட்டாள். படியில் வந்தாலும் கைப்பிடியைத் தொடமாட்டாள், அது ஆடுகிறதாம். காசிமேட்டில் முள் இல்லாத மீனாகக் கேட்கப் போய், "முள்ளு இல்லாம வோணும்னா முட்டை வாங்கிக்கோ கண்ணு" என்று ஒரு மீன்காரம்மா அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவளைக் கிண்டல் செய்தோம். ஒரு நாள் காற்றில் நிஜமாகவே ஏதோ கலந்து கண் எரிந்தபோது, மானேஜர் உட்பட அத்தனை பேரும் அந்த டிபன் பாக்ஸ் முன்னால் வரிசையில் நின்றோம்.

இப்படிப்பட்டவள் பியானோ வாசிப்பாள், அதுவும் பிரமாதமாக. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் வாசித்தால் பாட்டு தெரியாதவர்கள்கூட வாயைத் திறப்பார்கள். ஆனால் மாதா கோயிலில் அந்தப் பியானோ ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் இருந்தது. வாசிப்பது யார் என்று பாதி ராயபுரத்துக்குத் தெரியாது. தூண் இல்லாத இடத்தில் அவளால் வாசிக்க முடியாது.

வருடா வருடம் நகரத்தின் தெற்கே ஒரு பியானோப் போட்டி நடக்கும். முதல் முறை பெயர் கொடுத்தபோது, அரங்கத்தின் கேட்டைப் பார்த்துவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டாள். அடுத்த முறை மேடைவரைக்கும் போனாள். ஒரு பக்கம் ஏறி, சபையைக் கும்பிட்டு, மறு பக்கம் இறங்கி வீட்டுக்கு வந்தாள். போட்டிக்கு முப்பது வயதுதான் எல்லை. அவளுக்கு அந்த வருடம் முப்பது.

"பரிசெல்லாம் வோணாக்கா. தூணு இல்லாத எடத்துல ஒரு தபா, ஆரம்பிச்சத முடிச்சுட்டு எந்திரிக்கணும். இந்த தபாவும் ஓடியாந்துட்டேன்னா, சாவுற வரைக்கும் ஓடிகினே இருப்பேன்" என்றாள். அவள் சொன்ன அத்தனை பயங்களிலும் எனக்கு நியாயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

போட்டிக்கு மூன்று படைப்புகள் வாசிக்க வேண்டும். இரண்டு பழையவை. அவை அவளுக்கு மனப்பாடம். மூன்றாவது, இன்று உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதிய, ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற ஒரு சின்னப் படைப்பு. அதைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை அவளிடமே விட்டிருந்தார்கள். வினையே அங்கேதான்.

நெட்டில் தேடித் தேடி எனக்கும் போட்டுக் காட்டுவாள். ஒன்றில் பியானோவுக்குள் கையை விட்டுக் கம்பியை மீட்ட வேண்டும். மூடி விழுந்தால் கை போய்விடும் என்று தள்ளினாள். இன்னொன்றில் முழங்கையால் ஒரேயடியாக அழுத்த வேண்டும். கோயில் பியானோவின் கால் உடைந்தால் பங்குச்சாமிக்கு யார் பதில் சொல்வது என்று அதையும் தள்ளினாள். கடைசியில் அமெரிக்காவில் ஓர் அம்மா எழுதியது கிடைத்தது. மழை விட்ட பிறகு கூரை சொட்டுவதுபோல அவ்வளவு அழகு. நன்றாகப் பழகியும்விட்டாள். ஒரு நாள் முகம் வெளிறி என் மேஜைக்கு வந்தாள்.

"அந்தம்மாவுக்கு எம்பத்தாறு வயசுக்கா."

"இருந்துட்டுப் போவட்டுமே."

"போட்டிக்கு இன்னும் மூணு மாசம் கீது. நடுவுல பொட்டுன்னு பூட்டாங்கன்னா? உயிரோட கீறவங்க எழுதுனதுதான் வாசிக்கணும்னு ரூல்ஸு."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அந்த அம்மாவைக் கைவிட்டுவிட்டு, பின்லாந்தில் ஒரு வாலிபரைப் பிடித்தாள். வயது இருபத்தேழு, கன்னத்தில் ரத்தம் சொட்டும். நான் நிம்மதியாக மூச்சு விட்ட அன்று மாலையே, அவர் பனிமலையில் சறுக்கி விளையாடும் படம் ஒன்றை நெட்டில் பார்த்துவிட்டாள். அதிலிருந்து தினமும் காலையில் மணலிக் காற்றுக்கு அடுத்தபடி பின்லாந்துச் செய்தி பார்ப்பது வழக்கமானது. புதன்கிழமை நவநாளில் அவருக்காக ஒரு மெழுகுத்திரியும் எரிந்தது. தனக்காக ராயபுரத்தில் ஒருத்தி ஜெபிக்கிறாள் என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது.

அவருடைய படைப்பை அவள் எடுத்ததற்குக் காரணம் எளிது. அதில் ஸ்வரங்கள் குறைவு. "நோட்டே கம்மிக்கா, தப்பு பண்ண எடமே கெடையாது" என்றாள். நாலு ஸ்வரம், பிறகு நீளமான மௌனம். மறுபடி நாலு ஸ்வரம், மறுபடி மௌனம். ஒவ்வொரு மௌனமும் எவ்வளவு நேரம் என்பதை வாசிப்பவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அவர் எழுதியிருந்தார்.

மாலையில் அலுவலகம் முடிந்ததும் கோயிலுக்குப் போய்ப் பழகுவாள். தாள் திருப்புகிற வேலை எனக்கு. எனக்கு இசை எழுத்து ஓர் எறும்பளவுகூடத் தெரியாது. அவள் தலையை ஆட்டினால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். தூணுக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகிற சாலை. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் அங்கே வரிசையில் நிற்கும். அவள் நாலு ஸ்வரம் வாசித்துவிட்டுக் கையைத் தூக்கி நிறுத்துவாள். வெளியே ஒரு லாரி "பாம்" என்று ஹாரன் அடிக்கும். கை இறங்கும். அடுத்த நாலு ஸ்வரம். பார்க்கவே கம்பீரமாக இருக்கும். பின்லாந்துக்காரர் கெட்டிக்காரர், மௌனத்தைச் சரியான அளவில்தான் வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போட்டி நாள் வந்தது. கேட்டைத் தாண்டும்வரை என் முந்தானையை அவள் விடவில்லை. மேடையில் ஏறும்போது நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். பயம் அவ்வளவு வேகமாகத் தொற்றும். முதல் இரண்டையும் முடித்துவிட்டாள். நான் தாளை விரித்தேன். நாலு ஸ்வரம் வாசித்தாள். கையைத் தூக்கினாள்.

மெத்தை வைத்துத் தைத்த சுவர். சத்தமே போடாத ஏசி. இருமக்கூடப் பழகாத ஜனங்கள். அப்படி ஓர் அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. நின்றது. இன்னும் நின்றது. அவள் கண் மெல்லத் திரும்பி, மேடையிலிருந்து இறங்கும் படியைப் பார்த்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமும் மௌனத்தை முடித்துவைத்தது இவள் இல்லை, லாரி. இந்த அரங்கத்துக்குள் லாரிச் சத்தம் வராது.

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. உதட்டை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே, "பாம்" என்றேன்.

கை இறங்கியது. நாலு ஸ்வரம்.

அடுத்த மௌனத்திலும் சொன்னேன். அதற்கடுத்ததிலும் சொன்னேன். நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கடைசி மௌனம் வந்தது. நடுவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. அவள் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், எழுந்து ஓடப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாம்."

நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள். சன்னமாக, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. பிறகு கடைசி நாலு ஸ்வரத்தையும் வாசித்து, எழுந்து, சபையைக் கும்பிட்டாள்.

இடையில் வந்த சத்தங்களும் படைப்பில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அந்த நடுவர் கேட்டார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவள், "எழுதல சார். ராயபுரத்துல வாசிச்சா அதுங்கூடவே வரும்" என்றாள். நடுவர் என்னவோ குறித்துக்கொண்டார். பரிசு வேறு யாருக்கோ போனது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. மின்ட் பாலம் வந்ததும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். பின்லாந்துக்காரருக்கு விஷயம் தெரிந்தால் கேஸ் போடுவாரா என்று கேட்டாள்.

நான் இப்போது வேலையை விட்டுவிட்டு, லாரி சத்தம் எட்டாத ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். போன மாதம் எனக்கு ஓர் ஆபரேஷன். ஆஸ்பத்திரி என்றாலே தெருவை மாற்றிக்கொண்டு போகிற பேஜாரு, முகக்கவசத்துக்கு மேல் முகக்கவசம் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு படியேறி வந்துவிட்டாள். தைரியமாக இரு என்றெல்லாம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட்டாள். எனக்குக் கால் எழும்பவில்லை. அந்த வராந்தாவில் ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு முகக்கவசத்துக்குள்ளிருந்து மெல்ல வந்தது, "பாம்."

எழுந்து போனேன். அவளைப் போல எனக்குப் பிரியமான ஆள் இந்த ஊரில் யாரும் இல்லை. இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் பயந்துவிடுவாள்.